16 வயதுப் பையன் கொலை செய்தால், இந்தியாவில் பெரியவர்களைப் போல விசாரிப்பார்களா?

விசாரிக்கலாம், ஆனால் தானாக நடந்துவிடாது. 2012 டெல்லி கூட்டு வன்கொடுமை வழக்கில் 17 வயதுக் குற்றவாளிக்கு மூன்றே ஆண்டு கிடைத்தது. அந்தக் கோபத்தில் வந்ததுதான் 2015 சிறார் நீதிச் சட்டம். குறைந்தபட்சத் தண்டனையே 7 ஆண்டு என்றிருக்கும் குற்றத்தை 16 வயது நிரம்பியவர் செய்தால், அவருடைய மனத்திறன், உடல்திறன், விளைவை உணரும் பக்குவம், சூழல் எல்லாவற்றையும் சிறார் நீதிக் குழுமம் மதிப்பிடும். அப்புறம், பெரியவர்களைப் போல விசாரிக்க வேண்டும் என்று குழுமம் கருதினால் மட்டுமே வழக்கு சிறுவர் நீதிமன்றத்துக்குப் போகும்; அப்படிப்பட்ட விசாரணை நடப்பது அங்கேதான். அங்கேயும் தூக்கு கிடையாது. விடுதலைக்கே வழியில்லாத ஆயுள் தண்டனையும் கிடையாது. 21 வயது வரை சிறையும் இல்லை, பாதுகாப்பு இல்லம்தான்.

என் சந்தேகம் அந்த மதிப்பீட்டின் மேல்தான். வாரக்கணக்கில் கழித்துப் பேசி, அன்று அவன் மனம் எப்படி இருந்தது என்று யாரால் சொல்ல முடியும்? குழுமத்தில் மனநலம் படித்தவர் இல்லையென்றால் நிபுணர் உதவி கட்டாயம் என்று 2022இல் உச்ச நீதிமன்றமே சொல்ல வேண்டியிருந்தது.