ஸ்ப்ரெட்டா, பவரா? அமெரிக்கக் கல்லூரி ஃபுட்பால் கேள்வி பதில்

கேள்வி: அண்ணா, ஸ்ப்ரெட் என்றால் பந்தை எறியும் பாஸ் ஆட்டம், பவர் என்றால் பந்தோடு ஓடும் ஓட்ட ஆட்டம், சரிதானே?

பதில்: இல்லை தம்பி, குழப்பமே இங்கேதான் தொடங்குகிறது. ஆட்களை எங்கே நிறுத்துகிறோம் என்பது ஸ்ப்ரெட், அதாவது மைதானத்தின் அகலத்துக்கு விரித்து நிறுத்துவது. பந்தோடு ஓடுபவருக்கு வழி திறக்க எதிரணியில் யாரை எப்படித் தடுக்கிறோம் என்பது பவர். இரண்டையும் சேர்த்தே ஆடலாம். 2014 சீசனில் பயிற்சியாளர் அர்பன் மேயரின் ஒஹாயோ ஸ்டேட் ஸ்ப்ரெட் அணிதான். ஆனால் ஒரேகனுடனான இறுதிப் போட்டியில் ரன்னிங் பேக் (பந்தை வாங்கி ஓடுபவர்) எசெக்கியல் எலியட் 246 யார்டு ஓடியே குவித்தார்.

கேள்வி: ஓடத்தான் போகிறோம் என்றால் ரிசீவர்களை (எறியும் பந்தைப் பிடிப்பவர்களை) ஏன் விரித்து நிறுத்த வேண்டும்?

பதில்: ஆள் கணக்குக்காக. மைதானம் 53 யார்டுக்குச் சற்றே அதிக அகலம். நான்கு ரிசீவர்கள் ஓரம் போனால் அவர்களைக் காக்க எதிரணியும் போயாக வேண்டும். நடுவில் கூட்டம் குறையும். இன்னொன்று இதைவிட முக்கியம். பழைய முறையில் பந்தை ரன்னிங் பேக்கிடம் கொடுத்ததும், ஆட்டத்தை நடத்தும் குவாட்டர்பேக்கின் வேலை முடிந்தது, எதிரணிக்கு ஓர் ஆள் மிச்சம். 1990களில் க்ளென்வில் ஸ்டேட் என்ற சின்னக் கல்லூரியில் பயிற்சியாளர் ரிச் ராட்ரிகஸ் இதற்கு ஸோன் ரீட் என்ற வழியை உருவாக்கினார். ஓட்டம் போகும் திசைக்கு எதிர்ப்பக்க டிஃபென்சிவ் எண்டை (எதிரணியின் முன்வரிசை ஓரத்தில் நிற்பவரை) வேண்டுமென்றே தடுக்காமல் விட்டுவிடுவார்கள். அவர் ரன்னிங் பேக்கைப் பிடிக்க உள்ளே பாய்ந்தால் குவாட்டர்பேக் பந்தோடு வெளியே ஓடுவார். பாயாமல் நின்றால் பந்து ரன்னிங் பேக்குக்கு. அவர் எதைச் செய்தாலும் தப்பாகிறது, அதுவும் யாரும் அவரைத் தொடாமலே! எனக்கு இந்த ஆட்டத்தில் மிகப் பிடித்த யோசனை இதுதான்.

கேள்வி: அப்போது பவர் காலாவதியா?

பதில்: நிச்சயமாக இல்லை. பவரில் எதிர்ப்பக்க கார்டு (நம் முன்வரிசைத் தடுப்பாளர்) தன் இடத்தை விட்டு ஓடி வந்து, பந்து போகும் வழியில் கூடுதல் ஆளாகத் தடுக்கிறார். ஸ்ப்ரெட்டைத் துரத்த எதிரணிகள் எடை குறைந்த, வேகமான ஆட்களைச் சேர்க்கும் இந்தக் காலத்தில் அது இன்னும் வலிக்கும். 2023-ல் மிச்சிகன் பென் ஸ்டேட்டுக்கு எதிராகத் தொடர்ந்து 32 ஓட்டங்கள் ஆடி 24-15 என வென்றது. அந்த ஆண்டு சாம்பியனும் அவர்கள்தான்.

கேள்வி: புதிய பயிற்சியாளர் வந்த உடனே முறையை மாற்றலாமா?

பதில்: கையில் இருக்கும் ஆட்களைப் பார்த்துத்தான். ராட்ரிகஸ், பேட் வைட் போன்ற ஓடும் குவாட்டர்பேக்கை வைத்து வெஸ்ட் வர்ஜீனியாவில் கொடிகட்டிப் பறந்தார். 2008-ல் அதே முறையோடு மிச்சிகன் போனார். அங்கே இருந்தவர்கள் வேறு ஆட்டத்துக்காகச் சேர்க்கப்பட்டவர்கள். 3 வெற்றி, 9 தோல்வி.

கேள்வி: குவாட்டர்பேக்கை ஓடவிட்டால் அடிபடாதா சார்?

பதில்: படும், அந்த பயம் நியாயமானது. அதனால் இரண்டாவது, மூன்றாவது ஆளையும் தயாராக வைத்திருக்க வேண்டும். அதே 2014-ல் ஒஹாயோ ஸ்டேட் முதல் இரண்டு குவாட்டர்பேக்குகளையும் காயத்தால் இழந்து, மூன்றாமவரான கார்டேல் ஜோன்ஸை வைத்துத்தான் பட்டம் வென்றது.