கம்பு பிடிக்கும் பிள்ளையும் வாசலில் காத்திருக்கும் வீடும்: கேள்வி பதில்

காரைக்குடியில் பிள்ளைகளுக்குச் சிலம்பமும் கராத்தேயும் சொல்லிக்கொடுக்கும் வாத்தியார் ஒருவர், சுற்று ஊர்ப் பயிற்சியாளர்களும் சில பெற்றோரும் கேட்ட கேள்விகளுக்குச் சொன்ன பதில்கள் இவை. பெரும்பாலான கேள்விகள் ஒரே இடத்தில்தான் வந்து நின்றன: ஆசையாகச் சேரும் பிள்ளை ஏன் பாதியில் நின்றுவிடுகிறது?

அண்ணே, கோடை லீவில் கூட்டம் அள்ளுகிறது. ஆடி பிறப்பதற்குள் பாதிப் பேரைக் காணோம். நான் சொல்லிக்கொடுப்பதில் குறையா? (கராத்தே மாஸ்டர், தேவகோட்டை)

குறை இருக்கலாம் தம்பி, ஆனால் முதலில் அங்கே தேடாதீர்கள். மே மாதம் சேரும் பிள்ளைகளில் பாதிப் பேர் கராத்தேக்காக வருவதில்லை. வீட்டில் அவர்கள் படுத்தும் பாடு தாங்காமல் அனுப்பி வைக்கிறார்கள். ஜூனில் பள்ளி திறந்ததும் டியூஷன், ஹிந்தி, அபாகஸ் என்று சாயங்காலத்துக்குப் போட்டி வந்துவிடும். ஒருநாள் ராத்திரி சாப்பாட்டு நேரத்தில் "எதையாவது ஒன்றை நிறுத்துவோம்" என்று பேச்சு வரும். அந்தப் பேச்சு நடக்கும்போது நீங்கள் அங்கே இல்லை. உங்களுக்காகப் பேச அந்த வீட்டில் ஒரு ஆள் வேண்டும்.

அந்த ஆளை மே மாதத்திலேயே சம்பாதிக்க வேண்டும். சேர்ந்த இரண்டாவது, மூன்றாவது வாரத்தில் பிள்ளையைக் கூட்டிப்போக வருகிறவரிடம் ஒரு நிமிடம் பேசுங்கள். "நல்லா பண்றான்" என்று சொல்லாதீர்கள், அதை டியூஷன் மிஸ்ஸும் எல்லாரிடமும் சொல்லிக்கொண்டுதான் இருக்கிறார். "மே கெரி, அதாவது முன்னால் உதைக்கும் உதையில், முட்டியை மடக்காமல் காலை அப்படியே வீசிக்கொண்டிருந்தான், இந்த வாரம் முட்டியை மேலே தூக்கிவிட்டு உதைக்கிறான், வீட்டில் செய்து காட்டச் சொல்லுங்கள்" என்று சொல்லுங்கள். அந்த அம்மா வீட்டுக்குப் போய்ச் செய்து காட்டச் சொல்வார். பையன் காட்டுவான். ராத்திரிப் பேச்சு வரும்போது அவர் வாயில் சொல்வதற்கு ஏதோ ஒன்று இருக்கும்.

அப்புறம், பள்ளி திறப்பதற்கு முந்தைய வாரமே பெற்றோரை உட்கார வைத்து ஜூன் நேர அட்டவணையைப் பேசிவிடுங்கள். வாரம் மூன்று நாள் முடியாதென்றால் இரண்டு நாள் வரட்டும். நீங்களாக இரண்டு நாள் என்று சொல்லாவிட்டால் அவர்கள் தாங்களாகவே பூஜ்யம் என்று முடிவு செய்துவிடுவார்கள்.

பையனின் அப்பா சிங்கப்பூரில் இருக்கிறார். எதைக் கேட்டாலும் அம்மா "அவரைக் கேட்டுச் சொல்றேன்" என்கிறார். நான் யாரோடு உறவு வைப்பது? (சிலம்ப வாத்தியார், கானாடுகாத்தான்)

இது நம் பக்கத்து வீடுகளில் பாதிக் கதை. சேர்க்கைப் படிவத்தில் அப்பா பெயர், போன் நம்பர் மட்டும் வாங்கினால் போதாது. "வகுப்பு சம்பந்தமாக யாரிடம் பேச வேண்டும், கூட்டிப்போக வருவது யார்" என்று தனித்தனியாகக் கேட்டு எழுதிக்கொள்ளுங்கள். பணம் அனுப்புகிறவர் ஒருவர், கூட்டி வருகிறவர் ஒருவர், வேண்டாம் என்று சொல்லும் அதிகாரம் உள்ளவர் இன்னொருவர். மூன்று பேரையும் தெரிந்து வைத்திருக்க வேண்டும்.

வெளிநாட்டில் இருக்கும் அப்பாவுக்கு மாதம் ஒரு தடவை அரை நிமிட வீடியோ போதும், அவர் பிள்ளை மட்டும் தெரியும்படி. கூடவே உங்கள் குரலில் இரண்டு வாக்கியம். நேரம் பார்த்து அனுப்புங்கள். சிங்கப்பூர் நமக்கு இரண்டரை மணி நேரம் முன்னால் ஓடுகிறது, குவைத் இரண்டரை மணி நேரம் பின்னால். குவைத்காரருக்கு லீவு வெள்ளிக்கிழமை, சிங்கப்பூர்க்காரருக்கு ஞாயிறு. லீவு நாளில் வந்த வீடியோவை அறையில் இருக்கும் நண்பர்களிடமும் காட்டுவார். பிள்ளையைப் பக்கத்தில் இருந்து பார்க்க முடியாத மனுஷனுக்கு அது எவ்வளவு பெரிய விஷயம் என்று நான் சொல்ல வேண்டியதில்லை.

அப்பத்தாவை மறந்துவிடாதீர்கள். "கம்பு கண்ணில் பட்டுத் தொலைந்தால்?" என்று அவர் ஒரு வார்த்தை சொன்னால் அந்த வீட்டில் அதற்கு மேல் பேச்சில்லை. அவருடைய பயம் நியாயமானது, அதைச் சிரித்துத் தள்ளாதீர்கள். ஒருநாள் வரச் சொல்லி நாற்காலி போட்டு உட்கார வைத்துக் காட்டுங்கள். முதலில் காலடி வரிசைதான், பிறகு தனியாக வீச்சு, பிள்ளைக்கும் பிள்ளைக்கும் நடுவில் இவ்வளவு இடைவெளி, பிள்ளையின் உயரத்துக்குத் தகுந்த மெல்லிய கம்பு, எதிராளியோடு தொடுமுறை பழகுவது ரொம்பப் பின்னால், அதுவும் தலைக்கவசம் போட்டுத்தான். வருஷத்தில் ஒரு தடவை ஊர் அம்மன் கோயில் திருவிழாவில் பிள்ளைகளைக் கம்பு சுற்ற வையுங்கள். சாமி முன்னால் பேரன் கம்பு சுற்றுவதைப் பார்த்த அப்பத்தா அப்புறம் உங்கள் கட்சி.

பெற்றோர் வகுப்பில் உட்கார்ந்து பார்க்கலாமா? கவனம் சிதறுகிறதே. (கராத்தே மாஸ்டர், கோட்டையூர்)

பார்க்கட்டும். கதவைச் சாத்திக்கொண்டு பிள்ளைகளுக்குச் சொல்லிக்கொடுக்கிற காலம் போய்விட்டது, போனதும் நல்லதுதான். 2012இல் போக்சோ சட்டம் வந்த பிறகாவது ஒவ்வொரு வாத்தியாரும் இதை யோசித்திருக்க வேண்டும். எந்த நேரமும் எந்தப் பெற்றோரும் எட்டிப் பார்க்கலாம் என்கிற இடத்தில்தான் நம்பிக்கையோடு விடுவார்கள். கவனம் சிதறாமல் இருக்க நாற்காலிகளைப் பிள்ளைகளின் முதுகுப் பக்கம் போடுங்கள். ஓரத்தில் இருந்து "கையை நீட்டுடா" என்று கத்தும் அப்பாவுக்கு வருகைப் பதிவு நோட்டைக் கொடுத்துவிடுங்கள்.

பெண் பிள்ளைகள் ஏழாவது, எட்டாவது வந்ததும் ஒவ்வொருவராக நின்றுவிடுகிறார்கள். நன்றாக ஆடுகிற பிள்ளைகள்கூட. நான் பெண்ணாக இருந்தும் அதைத் தடுக்க முடியவில்லை. (டேக்வாண்டோ பயிற்சியாளர், புதுவயல்)

தங்கச்சி, இந்தக் கேள்விக்காகத்தான் நான் காத்திருந்தேன். பிள்ளை வயதுக்கு வந்த பிறகு வீட்டுக்குப் போய்ப் பேசினால் காரியம் நடக்காது. அதற்கு ஒரு வருஷம் முன்னால், ஐந்தாவது ஆறாவது படிக்கும்போதே, அம்மாக்களை மட்டும் தனியாக உட்கார வைத்து வெளிப்படையாகப் பேசிவிட வேண்டும். அதை நீங்கள் பேசலாம், என்னால் முடியாது. பெண் பயிற்சியாளர் இல்லாத இடங்களில் மூத்த மாணவி ஒருத்தியின் அம்மாவை வைத்துப் பேச வைக்கிறேன்.

அவர்களுக்கு உள்ளே இருக்கும் பயங்களை ஒவ்வொன்றாக எடுங்கள். முதல் பயம், "உதைத்துக் குதித்தால் கர்ப்பப்பைக்கு ஆகாது" என்பது. அப்படி ஒன்றும் இல்லை, ஆனால் நீங்களும் நானும் சொன்னால் நம்ப மாட்டார்கள். ஆரம்ப சுகாதார நிலையத்து டாக்டரம்மாவை ஒருநாள் கூப்பிட்டுச் சொல்ல வையுங்கள். மாதவிலக்கு நாளில் வருவதா வேண்டாமா என்பதைப் பிள்ளையே முடிவு செய்யட்டும். வலி இல்லையென்றால் பயிற்சி செய்யத் தடையில்லை. வரவில்லையென்றால் ஏன் என்று யாரும் கேட்கக் கூடாது.

இரண்டாவது, வெள்ளை யூனிஃபார்ம். யாரும் வாய்விட்டுச் சொல்வதில்லை, பிள்ளைகள் நிற்பதற்கு இது பெரிய காரணம். போட்டிக்கும் டெஸ்டுக்கும் வெள்ளை போடட்டும், தினசரி வகுப்பில் கறுப்பு பேண்ட் போதும் என்று எல்லாருக்கும் பொதுவாக அறிவித்துவிடுங்கள், பையன்களுக்கும் சேர்த்து. மூன்றாவது, இருட்டு. மாலை வகுப்பு ஆறரைக்கு முடிந்தால் வரும் பிள்ளை, ஏழரைக்கு முடிந்தால் வராது. ஒரே தெருப் பிள்ளைகள் சேர்ந்து போக ஒரு ஆட்டோ பேசிக் கொடுங்கள். நான்காவது, நிலையைத் திருத்தும்போது தொடுவது. ஆண் வாத்தியார்கள் கம்பு நுனியாலோ வாயாலோ சொல்லித் திருத்தப் பழக வேண்டும், தொடாமலே திருத்த முடியும்.

சடங்குக்கு அழைத்தால் குடும்பத்தோடு போய் வாருங்கள். அங்கே வைத்து வகுப்பைப் பற்றி ஒரு வார்த்தையும் பேசாதீர்கள். பந்தியில் பக்கத்தில் உட்காரும் அத்தைமார் உங்கள் முகத்தைப் பார்த்துக்கொள்வார்கள், அது போதும். இரண்டு மூன்று வாரம் கழித்து அம்மாவுக்குப் போன் செய்து, "திங்கட்கிழமை அவள் இடம் அப்படியே இருக்கிறது" என்று சொல்லுங்கள். எல்லாரும் திரும்ப வர மாட்டார்கள். முன்பைவிட அதிகம் பேர் வருகிறார்கள்.

மாஸ்டர், என் மகனோடு சேர்ந்த பையன் ஆரஞ்சு பெல்ட் வாங்கிவிட்டான். இவன் இன்னும் மஞ்சள். அழுகிறான். நிறுத்திவிடலாமா? (ஒரு தாய், காரைக்குடி)

நிறுத்த வேண்டாம் அம்மா. அவன் மாஸ்டரிடம் போய் இரண்டு விஷயம் கேளுங்கள்: இவனுக்கு எது வரவில்லை, வீட்டில் எதை எவ்வளவு நேரம் பழக வேண்டும். தெளிவாகப் பதில் வந்தால் நல்ல இடத்தில் விட்டிருக்கிறீர்கள். "பணம் கட்டுங்கள், அடுத்த தடவை வாங்கிவிடுவான்" என்று மட்டும் பதில் வந்தால் யோசியுங்கள்.

பெல்ட் முறையே ஜூடோவை உருவாக்கிய கானோ ஜிகோரோ கொண்டு வந்தது. கராத்தேயை ஜப்பானில் பரப்பிய ஃபுனாகோஷி அதை எடுத்துக்கொண்டார். நிற வரிசை பள்ளிக்குப் பள்ளி மாறும். அதனால் பக்கத்துத் தெரு பையனின் நிறத்தை உங்கள் பையனோடு ஒப்பிடுவதில் அர்த்தமே இல்லை.

மாஸ்டர்களுக்கும் இதில் ஒன்று சொல்ல வேண்டும். டெஸ்ட் முடிந்த பிறகு "தயாராகவில்லை" என்று சொல்வதால்தான் சண்டை வருகிறது. ஒரு மாதம் முன்னாலேயே பெற்றோரிடம் சொல்லிவிடுங்கள். தயாராகாத பிள்ளையிடம் ஃபீஸ் வாங்கி டெஸ்டுக்கு அனுப்பினால் அந்தப் பழி வாத்தியாருக்குத்தான்.

ஃபீஸ் கேட்டாலே முகம் மாறுகிறது. (மாஸ்டர், திருப்பத்தூர்)

சேரும்போதே தொகை, தேதி, லீவு மாத விதி, டெஸ்ட் செலவு எல்லாவற்றையும் தாளில் எழுதிக் கொடுங்கள். மாதாமாதம் ஒரே தேதியில் எல்லாருக்கும் ஒரே செய்தி போகட்டும். பிள்ளையிடம் "அப்பாவிடம் பணம் வாங்கிட்டு வா" என்று சொல்லி அனுப்பவே கூடாது, வகுப்பில் தனியாக நிறுத்தி வைப்பது அதைவிட மோசம். வெற்றிலை பாக்கில் வைத்த தட்சணைக்குச் சிலம்பம் கற்றுக்கொடுத்த வாத்தியார்கள் இருந்த ஊர் இது, அதனால் சிலருக்கு மாத ஃபீஸ் என்பதே உறுத்தும். இடத்து வாடகை, கம்பு, முதலுதவிப் பெட்டி என்று செலவைச் சொன்னால் புரிந்துகொள்கிறார்கள்.

பேரன் பத்தாம் வகுப்பு. மகன் சிலம்பத்தை நிறுத்தச் சொல்கிறான். எனக்கு மனசில்லை. (ஒரு தாத்தா, பள்ளத்தூர்)

ஐயா, முழுக்க நிறுத்துவதற்கும் முழுக்க ஓடுவதற்கும் நடுவில் வழி இருக்கிறது. அரையாண்டுத் தேர்வு வரை வாரம் இரண்டு நாள், அதற்கப்புறம் ஞாயிறு காலை மட்டும் முக்கால் மணி நேரம், அந்த வருஷம் போட்டி கிடையாது, கடைசித் தேர்வுக்கு அடுத்த வாரம் திரும்பி வருவான். இதை வாத்தியாரையே உங்கள் மகனிடம் சொல்லச் சொல்லுங்கள். படிப்பைத் தானும் பெரிதாக நினைக்கிறார் என்று தெரிந்தால் மகன் இறங்கி வருவார். திரும்பி வரும் தேதியை வாத்தியார் நோட்டில் எழுதி வைக்கட்டும். தேதி இல்லாமல் "தேர்வு முடிந்ததும் வர்றேன்" என்று போன பிள்ளைகள் அநேகமாக வருவதில்லை.

சிலம்பம் கற்றால் அரசு வேலை கிடைக்கும் என்று சொல்லிச் சேர்க்கலாமா? (பயிற்சியாளர், குன்றக்குடி)

அப்படியே சொல்லாதீர்கள். தமிழ்நாடு அரசு வேலைகளில் விளையாட்டு வீரர்களுக்கான 3 சதவீத ஒதுக்கீட்டில் சிலம்பம் சேர்க்கப்பட்டிருக்கிறது, உண்மை. 2024 ஜனவரியில் தமிழ்நாட்டில் நடந்த கேலோ இந்தியா இளைஞர் போட்டிகளில் காட்சி விளையாட்டாக இருந்தது, அதுவும் உண்மை. ஆனால் ஒவ்வொரு அரங்கிலும் கொடுக்கும் சான்றிதழ் எல்லாம் அதற்குச் செல்லாது. எந்தப் போட்டிக்கு என்ன மதிப்பு என்று மாவட்ட விளையாட்டு அலுவலகத்தில் கேட்டுத் தெரிந்துகொண்டு அதைச் சொல்லுங்கள். கராத்தேக்காரர்களும் ஒலிம்பிக் என்று அளக்க வேண்டாம். 2021இல் நடந்த டோக்கியோ ஒலிம்பிக்கில் கராத்தே இருந்தது, 2024இல் பாரிஸில் இல்லை.

போட்டியில் தோற்ற பையனை எல்லார் முன்னாலும் அப்பா திட்டுகிறார். என்ன செய்வது? (சிலம்ப வாத்தியார், கண்டனூர்)

அந்த இடத்தில் அப்பாவோடு மோதாதீர்கள், "தம்பி, கம்பை எடுத்துக் கட்டு" என்று பையனை உங்கள் பக்கம் அழைத்துவிடுங்கள். போட்டிக்கு முந்தைய வாரமே எல்லா அப்பாக்களுக்கும் பொதுவாகச் சொல்லி வையுங்கள்: ஆட்டத்தைப் பற்றிப் பேசுவது என் வேலை, பசிக்குதா என்று கேட்பது உங்கள் வேலை. முதல் தடவை சிரிப்பார்கள், இரண்டாம் தடவை கடைப்பிடிப்பார்கள்.

வகுப்பில் அடிபட்டால்? (பயிற்சியாளர், காரைக்குடி)

பிள்ளை வீடு போய்ச் சேரும் முன் உங்கள் போன் போயிருக்க வேண்டும். சின்னக் காயமானாலும், எப்படிப் பட்டது, என்ன செய்தீர்கள், எதைக் கவனிக்க வேண்டும் என்று சொல்லுங்கள். தலையில் பட்டிருந்தால் அன்றைக்குப் பயிற்சி அதோடு முடிந்தது, டாக்டரிடம் காட்டியே ஆக வேண்டும். மறுநாள் இன்னொரு போன்.

நின்றுபோன பிள்ளையின் வீட்டுக்குப் போகலாமா, தொல்லை என்று நினைப்பார்களா? (மாஸ்டர், தேவகோட்டை)

ஒரு தடவை போகலாம். மஞ்சுவிரட்டு, திருவிழா சமயத்தில் வேண்டாம், வீட்டில் யாரும் இருக்க மாட்டார்கள். போகும்போது வாங்காமல் விட்ட சான்றிதழோ மறந்துவிட்டுப் போன கம்போ இருந்தால் எடுத்துப் போங்கள். பாக்கி ஃபீஸ் பேச்சை எடுக்காதீர்கள். ஏன் நின்றான் என்று குடையாமல், வகுப்பு நேரம் மாறியிருப்பதை மட்டும் சொல்லிவிட்டு, கொடுத்த காபியைக் குடித்துவிட்டு வந்துவிடுங்கள். கிளம்புவதற்கு முன், கதவுக்குப் பின்னால் இருந்து எட்டிப் பார்க்கும் தம்பிக்கு என்ன வயசு என்று கேட்டு வையுங்கள்.