வாசகர் கேள்வி – பதில்: பரங்கிப்பேட்டையில் இரும்பாலை

கேள்வி: பரங்கிப்பேட்டையில் ஒரு காலத்தில் பெரிய இரும்பாலை நடந்தது என்று எங்கள் ஊர்ப் பெரியவர்கள் சொல்கிறார்கள். இரும்புத்தாதுவும் நிலக்கரியும் இல்லாத கடற்கரை ஊரில் அது எப்படிச் சாத்தியம்?
– வாசகர், சிதம்பரம்

பதில்: பெரியவர்கள் சொல்வது உண்மையே. கிழக்கிந்தியக் கம்பெனியின் சென்னை அலுவலராக இருந்து பதவி விலகிய ஜோசையா மார்ஷல் ஹீத், வெள்ளாற்று முகத்துவாரத்தில் உள்ள இந்த ஊரில் 1830இல் ஊதுலை (காற்றை ஊதித் தாதுவை இரும்பாக உருக்கும் உலை) அமைத்தார். கப்பலேற்ற வசதியான துறைமுகம் என்பதே ஊரின் தகுதி. மற்ற அனைத்தும் வெளியிலிருந்து வந்தாக வேண்டியிருந்தது.

தாது சேலம் பகுதியிலிருந்து வந்தது. மூங்கிலால் பின்னித் தோல் போர்த்திய வட்டப் பரிசல்களில் அதை ஏற்றி, காவிரியிலும் கொள்ளிடத்திலும் நீரோட்டத்தோடு இறக்கி, கான்சாகிப் வாய்க்கால் வழியாகப் பரங்கிப்பேட்டைக்குக் கொண்டு வந்தனர். ஆற்றில் தண்ணீர் ஓடும் மாதங்களில்தான் இது நடக்கும் என்பதால், நூறு கல்லுக்கு அப்பால் பரிசல் தள்ளியவர்களின் உழைப்பையும் காவிரியின் வரத்தையும் நம்பியே உலை எரிந்தது. ஹீத்தின் பெயரை வரலாறு குறித்து வைத்திருக்கிறது. அந்தப் பரிசல்காரர்களில் ஒருவரின் பெயர்கூட நமக்கு எட்டவில்லை என்பது எனக்குப் பெரும் வருத்தம்.

எரிபொருள் மரக்கரி. விறகை அடுக்கி, மண் பூசி மூடி, காற்றை அளந்து விட்டு, புகையின் நிறத்தைப் பார்த்தே பதம் அறிந்து மூட்டம் பிரிக்கும் கைப்பழக்கம் உள்ளவர்கள் இல்லாவிட்டால் ஊதுலைக்கு உயிரில்லை. அவர்களுக்கு வேண்டிய காடுதான் ஆலையின் கழுத்தையும் நெரித்தது: அருகிலிருந்த மரங்கள் தீரத் தீரக் கரி மேலும் தொலைவிலிருந்து வர, செலவு ஏறியது. நிலக்கரியில் மலிவாக உருக்கிய இங்கிலாந்து இரும்போடு போட்டியிட முடியாமல், கைமாறிய நிறுவனமும் 1870களுக்குள் ஓய்ந்துவிட்டது.

கேள்வி: அந்த இரும்பு பிரிட்டிஷ் பாலங்களில் பயன்பட்டதாமே?
– வாசகர், கடலூர்

பதில்: வேல்ஸில் உள்ள மெனாய் தொங்குபாலத்தையும் பிரிட்டானியா பாலத்தையும் சேர்த்தே சொல்கிறார்கள். மெனாய் பாலம் திறந்தது 1826இல். அப்போது பரங்கிப்பேட்டையில் உலையே இல்லை. 1850இல் திறந்த பிரிட்டானியா பாலத்துக்குச் சென்றது என்பது காலத்தோடு பொருந்துகிறது. ஷெஃபீல்டு உருக்குத் தொழிலாளர்கள் கையிலும் நம் இரும்பு புழங்கியது.