பராமரிப்புப் பணியை ஒப்பந்தத்திற்கு விட்டால் மில்லின் பொறுப்பு நீங்கிவிடுமா?

கேள்வி: கோவை மாவட்டத்தில் எங்கள் குடும்பத்தார் நடத்திவரும் நூற்பாலையின் இயக்குநர்களில் நானும் ஒருவன். கார்டிங், ரிங் பிரேம் இயந்திரங்களின் பராமரிப்பை 2021 முதல் ஒப்பந்தத்திற்கு விட்டிருக்கிறோம். இடையில் ஒப்பந்ததாரர் இருமுறை மாறினார். வேலை செய்யும் 62 பேரில் பெரும்பாலோர் மாறவில்லை. இப்போதைய ஒப்பந்ததாரர் 2025 ஆகஸ்ட், செப்டம்பர் மாதச் சம்பளத்தைத் தரவில்லை. செப்டம்பரில் கார்டிங் இயந்திரத்தைச் சுத்தம் செய்த ஒருவருக்கு இரண்டு விரல்கள் துண்டாகிவிட்டன, அவருக்கு இ.எஸ்.ஐ. பதிவே இல்லை என்பது அதன் பிறகுதான் தெரிந்தது. தொழிலாளர் சம்பந்தப்பட்ட எந்தப் பொறுப்பும் மில்லைச் சேராது என்று ஒப்பந்தத்தில் எழுதியிருக்கிறோம். பில்லை நிறுத்திவைத்ததற்கு, தாம் மத்திய அரசின் உத்யம் பதிவு பெற்ற சிறு தொழில் என்றும், வட்டியோடு பணம் தர வேண்டும் என்றும் அவர் நோட்டீஸ் அனுப்பியிருக்கிறார். தொழிலாளர்களோ தங்களை மில்லின் நிரந்தரத் தொழிலாளர்களாக்கக் கோரி சமரச அலுவலரிடம் மனுக் கொடுத்துள்ளனர். நாங்கள் என்ன செய்வது?

பதில்: தாங்கள் பெரிதும் நம்பியிருக்கும் அந்த ஷரத்திலிருந்தே தொடங்குகிறேன். அது தங்களுக்கும் ஒப்பந்ததாரருக்கும் இடையே மட்டுமே செல்லும். தொழிலாளிக்கோ, இ.எஸ்.ஐ. கழகத்துக்கோ, தொழிற்சாலை ஆய்வாளருக்கோ தாங்கள் கொடுக்க நேரும் பணத்தை ஒப்பந்ததாரரிடமிருந்து பிறகு வசூலிக்க அது பயன்படும். அவர்களிடம் அதைக் காட்டித் தாங்கள் விலகிக்கொள்ள முடியாது.

சம்பளப் பாக்கியில் சந்தேகத்துக்கே இடமில்லை. அந்த இரண்டு மாதங்களுக்கும் பொருந்துவது 1970ஆம் ஆண்டின் ஒப்பந்தத் தொழிலாளர் (ஒழுங்குமுறை மற்றும் ஒழிப்பு) சட்டம். ஒப்பந்ததாரர் சம்பளம் தரத் தவறினால் முதன்மை வேலையளிப்பவர், அதாவது வேலையை ஒப்பந்தத்திற்கு விட்ட மில், அதைக் கொடுத்தாக வேண்டும் என்றும், கொடுத்த தொகையை ஒப்பந்ததாரரின் பில்லில் கழித்துக்கொள்ளலாம் அல்லது கடனாக வசூலிக்கலாம் என்றும் அதன் 21ஆவது பிரிவு சொல்கிறது. அதே பிரிவு, சம்பளம் பட்டுவாடா ஆகும் இடத்தில் மில்லின் பிரதிநிதி ஒருவர் இருந்து, கொடுக்கப்பட்ட தொகைக்குச் சான்றளிக்க வேண்டும் என்றும் விதிக்கிறது. தங்கள் மில்லிலிருந்து யாராவது அங்கே போய் நின்று பதிவேட்டில் கையெழுத்திட்டார்களா? பெரும்பாலான ஆலைகளில் அந்தப் பதிவேடு ஆய்வுக்கு முந்தின நாள்தான் திறக்கப்படுகிறது.

2025 நவம்பர் 21 முதல் நான்கு தொழிலாளர் சட்டத் தொகுப்புகளும் நடைமுறைக்கு வந்திருப்பதால், அதன் பிறகான மாதங்களுக்கு நிலைமை மாறிவிட்டதோ என்று தாங்கள் எண்ணலாம். சம்பளத்தைப் பொறுத்தவரை மாறவில்லை. அவற்றில் ஒன்றான பணியிடப் பாதுகாப்புத் தொகுப்பின் 55ஆவது பிரிவு ஏறத்தாழ இதே பொறுப்பைத்தான் விதிக்கிறது. அந்த அத்தியாயம் 50 ஒப்பந்தத் தொழிலாளர்களும் அதற்கு மேலும் உள்ள நிறுவனங்களுக்கே பொருந்தும் என்பதால், 62 பேரை 49 ஆகக் குறைத்துவிட்டால் தப்பித்துக்கொள்ளலாம் என்று யாராவது யோசனை சொல்லக்கூடும். ஆனால் மற்றொரு தொகுப்பான ஊதியத் தொகுப்பின் 43ஆவது பிரிவில் தலைக்கணக்கு இல்லை: வேலையளிப்பவர் ஊதியம் தரத் தவறினால் நிறுவனத்தின் உரிமையாளரே அதற்குப் பொறுப்பு.

ஆகவே இரண்டு மாதச் சம்பளத்தையும் மில்லே தொழிலாளர்களின் வங்கிக் கணக்குகளில் நேரடியாகச் செலுத்திவிடட்டும். செலுத்துவதற்கு முன்பு ஒப்பந்ததாரருக்குப் பதிவு அஞ்சலில் ஓர் அறிவிப்பு அனுப்பி, இன்ன தேதிக்குள் தாங்கள் கொடுக்காவிட்டால் சட்டப்படி நாங்கள் கொடுத்துப் பில்லில் கழித்துக்கொள்வோம் என்று எழுதிவிடுங்கள். ஒப்பந்ததாரரின் கையில் பணத்தைக் கொடுத்து அவர் வழியாகப் பட்டுவாடா செய்ய வேண்டாம்.

அவருடைய நோட்டீஸை அலட்சியம் செய்வதற்கில்லை. 2006ஆம் ஆண்டின் குறு, சிறு மற்றும் நடுத்தரத் தொழில்கள் மேம்பாட்டுச் சட்டப்படி, சிறு தொழில் நிறுவனம் ஒன்றிடம் சேவை பெற்றவர் ஒப்புக்கொண்ட தேதிக்குள், எப்படியும் 45 நாட்களுக்கு மிகாமல், பணம் தர வேண்டும். தவறினால் ரிசர்வ் வங்கி அறிவிக்கும் வங்கி விகிதத்தைப் போல் மூன்று மடங்கில், மாதாந்தரக் கூட்டு வட்டி ஏறும். பில்லில் ஆட்சேபம் இருந்தால் சேவை முடிந்த 15 நாட்களுக்குள் அதை எழுத்தில் தெரிவித்திருக்க வேண்டும். தெரிவித்திருந்தால் அந்த ஆட்சேபம் நீக்கப்பட்ட நாளிலிருந்தே கணக்கு தொடங்கும். தாங்கள் வாய்மொழியாகச் சொல்லி நிறுத்தியிருந்தால் முழு பில்லையும் பிடித்துவைத்திருப்பது ஆபத்து. சம்பளத்துக்கும் இ.எஸ்.ஐ., வருங்கால வைப்பு நிதி சந்தாக்களுக்கும் உரிய தொகையைக் கழித்து, மீதியை ஒரு கணக்குத் தாளோடு அனுப்பிவிடுவதே உசிதம். சட்டமே அனுமதிக்கும் கழிவைத் தாமதம் என்று, அச்சட்டப்படி இத்தகைய புகார்களை விசாரிக்கும் வசதியாக்கக் குழுவின் முன் அவர் நிலைநாட்டுவது கடினம்.

விபத்தில்தான் தங்கள் நிலை சங்கடமானது. அந்தத் தொழிலாளி மாதம் 21,000 ரூபாய் வரை ஊதியம் பெறுபவரானால், ஒப்பந்ததாரர் மூலம் வந்தவரானாலும், விபத்தின்போது அமலில் இருந்த இ.எஸ்.ஐ. சட்டத்தின் 40ஆவது பிரிவுப்படி அவருக்கான சந்தாவை, அதாவது வேலையளிப்பவரின் 3.25 சதவீதம், தொழிலாளியின் 0.75 சதவீதம் இரண்டையும், முதலில் செலுத்த வேண்டியவர் முதன்மை வேலையளிப்பவரே. சந்தா கட்டாததால் தொழிலாளிக்குரிய பயன் குறைந்திருந்தால், கழகம் அதை அவருக்குக் கொடுத்துவிட்டு 68ஆவது பிரிவின் கீழ் தங்களிடம் வசூலிக்க முடியும். எனவே வேலைக்குச் சேர்ந்த நாளிலிருந்து பதிவையும் சந்தாவையும் உடனே சரிசெய்து, விபத்து அறிக்கையைக் கிளை அலுவலகத்தில் தாக்கல் செய்யுங்கள். அவருடைய சிகிச்சைச் செலவை இதற்கெல்லாம் காத்திருக்க வைக்காதீர்கள்.

48 மணி நேரத்துக்கு மேல் வேலைக்கு வர இயலாத காயம் என்பதால், அப்போது அமலில் இருந்த தொழிற்சாலைகள் சட்டத்தின் 88ஆவது பிரிவுப்படி ஆய்வாளருக்கு அறிவிப்பு போயிருக்க வேண்டும். போகவில்லையென்றால் இன்றே அனுப்புங்கள். ஓடும் இயந்திரத்தைப் பரிசோதிக்கவோ எண்ணெய் போடவோ, அதற்கென்றே பயிற்சி பெற்று, பதிவேட்டில் பெயர் ஏறி, இறுக்கமான உடை அணிந்த ஆண் தொழிலாளியே போகலாம் என்றது அதன் 22ஆவது பிரிவு. கார்டிங் இயந்திரத்தில் மின்சாரத்தை நிறுத்திய பின்பும் சிலிண்டர் சில நிமிடங்கள் சுற்றிக்கொண்டே இருக்கும் என்பதைத் தங்கள் ஃபிட்டர்கள் அறிவார்கள். அது நிற்கும்வரை கதவு திறக்காதபடி பூட்டு இருந்ததா, அது கழற்றப்பட்டிருந்ததா என்பதே ஆய்வாளரின் முதல் கேள்வியாக இருக்கும். ஒப்பந்தத் தொழிலாளியும் அச்சட்டத்தில் 'தொழிலாளி' தான். கம்பெனி நடத்தும் ஆலையில் இயக்குநர் ஒருவரே, ஆலைக்குச் சட்டப்படி பதில் சொல்ல வேண்டிய 'உடைமையாளர்' ஆக முடியும் என்று 1996இல் ஜே.கே. இண்டஸ்ட்ரீஸ் வழக்கில் உச்ச நீதிமன்றம் தீர்த்துவிட்டதால், வழக்கு வந்தால் அது தங்களில் ஒருவர் பெயரில்தான் வரும்.

இவையெல்லாம் பெரும்பாலும் பணத்தில் முடிந்துவிடும். நிரந்தரக் கோரிக்கை அப்படிப்பட்டதன்று. 2001இல் அரசு உருக்கு நிறுவனமான செயிலின் வழக்கில் உச்ச நீதிமன்றத்தின் அரசியல் சாசன அமர்வு, ஒப்பந்த முறை ஒழிக்கப்பட்டாலும் தொழிலாளர்கள் தாமாகவே முதன்மை வேலையளிப்பவரிடம் சேர்ந்துவிட மாட்டார்கள் என்றது. ஆனால் ஒப்பந்தம் வெறும் கண்துடைப்பு என்று தொழில் தீர்ப்பாயம் கண்டால் அவர்கள் மில்லின் தொழிலாளர்களே என்றும் சொன்னது. பிற்காலத் தீர்ப்புகள் முக்கியமாக இரண்டைப் பார்க்கின்றன: சம்பளம் யார் கொடுக்கிறார்கள், வேலையை யார் கட்டுப்படுத்தி மேற்பார்க்கிறார்கள். இன்ன இயந்திரத்தைப் பாருங்கள் என்று மில் சொல்வது மட்டும் போதாது. அது இரண்டாம் நிலைக் கட்டுப்பாடு என்று 2009இல் பன்னாட்டு விமான நிலைய ஆணைய வழக்கில் கூறப்பட்டது. ஆளைத் தேர்ந்தெடுப்பது, விடுப்புத் தருவது, தண்டிப்பது எல்லாம் மில்லின் கையில் இருந்தால் விஷயம் வேறு.

ஒப்பந்ததாரர் மாறியும் ஆட்கள் மாறாமல் இருந்தார்கள் என்று தாங்களே எழுதியிருக்கிறீர்கள். இதனால் மட்டும் ஒப்பந்தம் போலியாகிவிடாது. ஆனால் ஒவ்வொரு மாற்றத்தின்போதும் புதிய ஒப்பந்ததாரரிடம் பெயர்ப் பட்டியலைக் கொடுத்தது மில்லின் பராமரிப்பு மேலாளரா, நாளைக்கு லீவு வேண்டும் என்ற வாட்ஸ்அப் செய்திக்கு 'ஓகே' போட்டது அவரா என்று பாருங்கள். போட்டிருந்தால் அந்தச் செய்திகள் தொழிலாளர்களின் கைப்பேசிகளிலும் இருக்கும்; தங்கள் பக்கம் அழிப்பதால் ஆகப்போவது ஒன்றுமில்லை, கெடுவது அதிகம். தீர்ப்பு பாதகமானால், 24 மாதங்களில் 480 நாட்கள் வேலை செய்தவரை நிரந்தரமாக்கச் சொல்லும் 1981ஆம் ஆண்டின் தமிழ்நாட்டுச் சட்டமும் கூடவே வந்து நிற்கும்.

புதிய பணியிடப் பாதுகாப்புத் தொகுப்பு, நிறுவனத்தின் மையப் பணிகளில் ஒப்பந்தத் தொழிலாளரைத் தடை செய்வதோடு, எவை மையப் பணிகளல்ல என்றும் பட்டியலிடுகிறது. அதில் 'பராமரிப்பு' என்ற சொல் கட்டுமானப் பணிகளோடு சேர்ந்துதான் வருகிறது. அன்றாட இயந்திரப் பராமரிப்பு அதற்குள் அடங்கும் என்று வாதிட இடமுண்டு. அந்த வாதத்தை நம்பி அடுத்த ஐந்தாண்டுத் திட்டம் போட மாட்டேன். அத்தகைய பணி வழக்கமாகவே ஒப்பந்ததாரர் மூலம் நடப்பது என்ற விதிவிலக்கு தங்களுக்கு இன்னும் உறுதியான பிடி.

சமரசம் நிலுவையில் இருக்கும்போது இந்த 62 பேரில் யாரையும் நிறுத்தவோ, ஒப்பந்ததாரரை அவசரமாக மாற்றவோ வேண்டாம். பழிவாங்கல் என்ற ஒரு குற்றச்சாட்டு கூடுதலாகச் சேரும். அடுத்த ஒப்பந்தத்தை, ஷிப்டுக்கு இத்தனை ஆள் என்ற கணக்கில் போடாமல், மாதம் இத்தனை ரிங் பிரேம் ஓவர்ஹாலிங், ஒன்றுக்கு இவ்வளவு தொகை என்று வேலைக் கணக்கில் போடுங்கள். ஒப்பந்ததாரரின் சொந்த மேற்பார்வையாளர் ஒவ்வொரு ஷிப்டிலும் இருக்கட்டும். முந்தைய மாதச் சம்பளம் வங்கியில் ஏறியதற்கும் இ.எஸ்.ஐ., வைப்பு நிதி கட்டியதற்கும் பெயர்வாரியான சான்று வந்த பிறகே பில் பாஸாகட்டும். கேட் பதிவேட்டில் நுழையும் ஒவ்வொரு பெயரும் அந்தச் சான்றில் இருக்கிறதா என்று நேர அலுவலகத்தில் ஒருவர் மாதந்தோறும் ஒப்பிட்டுப் பார்க்க வேண்டும். சமரச அலுவலரிடம் பதில் மனுத் தாக்கல் செய்யும் முன், மூன்று ஒப்பந்தங்களையும் சம்பளப் பதிவேட்டையும் எடுத்துக்கொண்டு தொழிலாளர் சட்டத்தில் பழக்கமுள்ள வழக்கறிஞர் ஒருவரைக் கோவையிலேயே பார்த்துவிடுங்கள்.