சம்பளம் இல்லாத இன்டர்ன்ஷிப்புக்கு எந்த விசா?

கேள்வி: திருச்சியில் எம்.எஸ்.டபிள்யூ. (சமூகப்பணி முதுநிலை) இரண்டாம் ஆண்டு படிக்கிறேன். லண்டனில் வீடற்றவர்களுக்கு உதவும் ஒரு தொண்டு நிறுவனம் ஜூன் 1 முதல் பத்து வாரம் இன்டர்ன்ஷிப்புக்கு வரச் சொல்லியிருக்கிறது. சம்பளம் கிடையாது, பஸ் செலவும் மதியச் சாப்பாடும் மட்டும் தருவார்கள். “சம்பளம் இல்லாததால் டூரிஸ்ட் விசாவே போதும்” என்கிறார்கள். இங்குள்ள ஏஜென்ட்டும் அதையே சொல்கிறார். நம்பலாமா? பணம் எவ்வளவு காட்ட வேண்டும்?

பதில்: நம்ப வேண்டாம். சம்பளம் வாங்கினால்தான் வேலை என்று நாம் நினைக்கிறோம். பிரிட்டன் குடியேற்ற விதி அப்படிப் பார்ப்பதில்லை. டூரிஸ்ட் விசா என்று நாம் சொல்லும் விசிட்டர் விசாவில் செய்யக் கூடாதவற்றின் பட்டியலில் ‘இன்டர்ன்ஷிப்’ என்ற சொல்லே இருக்கிறது. சம்பளம் உண்டா இல்லையா என்ற பேச்சே அங்கு எழுவதில்லை.

அந்த விசாவில் ஒரு சலுகை மட்டும் உண்டு. பதிவு பெற்ற தொண்டு நிறுவனத்தில், மொத்தம் 30 நாளுக்கு மேற்படாமல், தன்னார்வ உதவி செய்யலாம். உங்களுடையது பத்து வாரம், அதாவது 70 நாள். நாள் கணக்கிலேயே அடிபட்டுப்போகிறது. கூடவே, தன்னார்வ உதவி வேறு, சம்பளமில்லா வேலை வேறு என்று அங்கே பிரித்துப் பார்க்கிறார்கள். குறித்த பொறுப்பு, குறித்த நேரம், வராவிட்டால் பதில் சொல்ல வேண்டிய கட்டாயம், ஆள் வைத்துச் செய்ய வேண்டிய வேலையை நீங்கள் செய்வது, இவையெல்லாம் இருந்தால் அது வேலைதான். “திங்கள் முதல் வெள்ளி, காலை 9:30 முதல் மாலை 5 வரை” என்று எழுதிய கடிதத்தைக் கையில் வைத்துக்கொண்டு விமான நிலைய அதிகாரியிடம் “ஊர் சுற்ற வந்தேன்” என்று சொல்ல முடியாது. விண்ணப்பத்தில் பொய் சொன்னதாக முடிவானால் பத்து வருடம் வரை அந்த நாட்டு விசா கிடைக்காது. ஏஜென்ட்டுக்கு அதில் நஷ்டம் ஒன்றுமில்லை. இழப்பு முழுக்க உங்களுடையது.

உங்களுக்குப் பொருந்துவது சேரிட்டி ஒர்க்கர் விசா. தற்காலிக வேலை விசாக்களில் ஒன்று. 18 வயது நிறைந்திருக்க வேண்டும், அதிகபட்சம் 12 மாதம். இதற்கு அந்த நிறுவனத்திடம் பிரிட்டிஷ் உள்துறை அமைச்சகம் கொடுத்த ஸ்பான்சர் லைசென்ஸ், அதாவது வெளிநாட்டவரை வேலைக்கு அழைக்கும் அனுமதி, இருந்தாக வேண்டும். பெரும்பாலான திட்டங்கள் இங்கேதான் இடறுகின்றன. தொண்டு நிறுவனமாகப் பதிவு பெற்றிருப்பது ஒன்று, ஸ்பான்சர் லைசென்ஸ் இருப்பது இன்னொன்று. பதிவை இங்கிலாந்து, வேல்ஸுக்கான சேரிட்டி கமிஷன் இணையதளத்தில் பெயரைப் போட்டு இலவசமாகப் பார்க்கலாம். வரவு செலவுக் கணக்கும் அறங்காவலர்கள் பெயரும் அங்கேயே இருக்கும். லைசென்ஸ் உள்ளவர்களின் பட்டியல் பிரிட்டிஷ் அரசின் இணையதளத்தில் தனியாக இருக்கிறது. அதில் நிறுவனத்தின் பெயருக்கு நேரே ‘டெம்பரரி ஒர்க்கர்’ என்றும் ‘சேரிட்டி ஒர்க்கர்’ என்றும் போட்டிருக்க வேண்டும். ‘ஸ்கில்டு ஒர்க்கர்’ என்று மட்டும் இருந்தால் உங்களுக்கு உதவாது.

லைசென்ஸ் இருந்தால் அவர்கள் உங்களுக்கு சர்டிஃபிகேட் ஆஃப் ஸ்பான்சர்ஷிப் தருவார்கள். பெயர்தான் சர்டிஃபிகேட். முத்திரை குத்திய தாள் எதுவும் கிடையாது, உள்துறைக் கணினியில் ஏறும் ஒரு பதிவு அது. உங்கள் கைக்கு வருவது அதன் எண் மட்டுமே. கிடைத்த மூன்று மாதத்துக்குள் விண்ணப்பித்துவிட வேண்டும். அழகான பார்டர் போட்ட தாளைக் காட்டி “ஸ்பான்சர்ஷிப் சர்டிஃபிகேட் தயார்” என்று யாராவது பணம் கேட்டால் விலகிவிடுங்கள்.

அந்தப் பதிவில் உங்கள் வேலையை எப்படி எழுதுகிறார்கள் என்பதும் முக்கியம். நிறுவனத்தின் நோக்கத்தை நேரடியாக நிறைவேற்றும் தன்னார்வக் களப்பணியாக அது இருக்க வேண்டும். வீடற்றவர்கள் இரவில் தங்கும் விடுதிக்கு வருபவர்களோடு பேசி அவர்களுக்குத் தேவையான உதவியை ஏற்பாடு செய்வது களப்பணி. அலுவலகத்தில் டேட்டா என்ட்ரி, நன்கொடை திரட்டுவது, பழைய துணிகள் விற்கும் சேரிட்டி கடையில் நிற்பது ஆகியவை இந்த விசாவில் அடங்காது. முதல் வாரம் விடுதி, மீதி ஒன்பது வாரம் கடை என்றால் ஒத்துக்கொள்ளாதீர்கள். விசா ஒருபுறம் இருக்கட்டும், உங்கள் படிப்புக்கே அதில் பிரயோசனம் இல்லை.

பஸ் செலவு, சாப்பாடு போன்ற நியாயமான செலவுகளைத் திருப்பித் தருவதில் தவறில்லை. ரசீது கொடுத்து வாங்கிக்கொள்ளுங்கள். “மாதம் 200 பவுண்டு கைச்செலவுக்கு” என்று மொத்தமாகக் கொடுத்தால் அது சம்பளமாகிவிடும்.

இனி பணம். விசா கட்டணம் 2025 ஏப்ரலில் 319 பவுண்டாக ஆனது. கட்டும் அன்று ஒருமுறை சரிபார்த்துக்கொள்ளுங்கள். கணக்கில் காட்ட வேண்டியது 1,270 பவுண்டு. முதல் மாதச் செலவை ஏற்பதாக நிறுவனமே ஸ்பான்சர்ஷிப் பதிவில் உறுதி கொடுத்தால் இதைக் காட்ட வேண்டியதில்லை. காட்டுவதானால், பணம் உங்கள் பெயரில் உள்ள கணக்கில் இருக்க வேண்டும். மாணவர் விசாவில் அப்பாவின் கணக்கைக் காட்டலாம், இதில் முடியாது. அண்ணன் படிக்கப் போனபோது செல்லுபடியான காகிதம் தங்கைக்குச் செல்லாமல் போவது இதனால்தான்.

அந்தத் தொகை 28 நாள் தொடர்ந்து குறையாமல் இருக்க வேண்டும். மார்ச் 1-ம் தேதி போட்டால் 28-ம் தேதியோடு கணக்கு நிறைகிறது. நடுவில் 17-ம் தேதி தேர்வுக் கட்டணத்துக்காக எடுத்து, இருப்பு ஒரே நாள் 1,270 பவுண்டுக்குக் கீழே போனாலும் மறுபடி முதல் நாளிலிருந்து எண்ண வேண்டும். ஸ்டேட்மென்ட்டின் கடைசித் தேதிக்கும் விண்ணப்பிக்கும் தேதிக்கும் இடையே 31 நாளுக்கு மேல் போகக் கூடாது. ரூபாயை பவுண்டாக மாற்றிப் பார்ப்பது விண்ணப்பிக்கும் நாளின் மதிப்பில். இன்றைய கணக்குக்குச் சரியாகப் போட்டுவைத்தால் ரூபாய் சற்றுச் சரிந்தாலும் தொகை போதாது என்றாகிவிடும். இருபதாயிரம் ரூபாயாவது கூடுதலாக வைத்துவிட்டு, முடிவு வரும்வரை அந்தக் கணக்கின் யுபிஐ பக்கமே போகாதீர்கள்.

விசா ஆறு மாதத்துக்கு உட்பட்டது என்பதால் அங்கு அரசு மருத்துவச் சேவைக்கான கூடுதல் கட்டணம் கிடையாது, காசநோய்ப் பரிசோதனையும் வேண்டாம். அதே காரணத்தால் இலவச மருத்துவமும் உங்களுக்கு முழுமையாக இல்லை. அவசரப் பிரிவில் பார்ப்பது இலவசம்தான், ஆனால் உள்நோயாளியாகச் சேர்த்தால் பில் வரும். பயணக் காப்பீடு இல்லாமல் கிளம்பாதீர்கள்.

ஜூன் 1-ல் தொடங்குவதாக இருந்தால் மார்ச் 1 முதல் விண்ணப்பிக்கலாம். ஆன்லைனில் நிரப்பி, பணம் கட்டி, விசா விண்ணப்பங்களைப் பெறும் சென்னை விஎஃப்எஸ் மையத்தில் கைரேகையும் புகைப்படமும் கொடுத்தபின் வழக்கமாக மூன்று வாரத்தில் முடிவு வரும். வீடற்றவர்கள் தங்கும் இடத்தில் வேலை என்பதால் இங்கிருந்து போலீஸ் சான்றிதழும் அந்த நிறுவனம் கேட்கலாம். பாஸ்போர்ட் சேவா தளத்தில் 500 ரூபாய் கட்டி வாங்கலாம். பாஸ்போர்ட்டில் சொந்த ஊர் முகவரி, இருப்பதோ திருச்சி ஹாஸ்டலில் என்றால் போலீஸ் விசாரணையில் இழுக்கும். அதனால் இதைத்தான் முதலில் தொடங்க வேண்டும்.

கல்லூரியில் கேட்க வேண்டியதும் உண்டு. பத்து வாரத்தையும் களப்பணியாக ஏற்பார்களா, அங்கே உங்கள் வருகைப் பதிவில் கையெழுத்திட்டு மதிப்பீடு எழுதப்போவது யார் என்பதைத் துறைத் தலைவரிடம் எழுத்தில் வாங்குங்கள். களப்பணி அறிக்கையில் ஒருவரின் பெயர், வயது, ஊர், குடும்பக் கதை என்று எழுதும் பழக்கம் நம் கல்லூரிகளில் இருக்கிறது. அங்கே தனிநபர் தகவல் சட்டம் கடுமையானது. பெயரை மாற்றினால் மட்டும் போதாது, ஆளை அடையாளம் காட்டும் எதுவும் விடுதியைத் தாண்டி வரக் கூடாது. படம் எடுக்கவே கூடாது. தெருவில் படுத்து எழுந்த ஒருவர் நம்பிச் சொன்னது அது, நம் இன்டர்னல் மார்க்குக்காகச் சொன்னது அல்ல.

நிறுவனத்திடம் லைசென்ஸ் இல்லை என்றால்? புதிதாக விண்ணப்பித்தால் எட்டு வாரம் வரை ஆகலாம். ஒரே ஒரு மாணவிக்காகச் சிறிய நிறுவனங்கள் அதில் இறங்குவது அரிது. இளநிலைப் பட்டம் முடித்த, 18 முதல் 30 வயதுக்குட்பட்ட இந்தியர்களுக்கு யங் புரொஃபெஷனல்ஸ் ஸ்கீம் என்று குலுக்கல் முறையில் இரண்டு வருட விசா ஒன்று உண்டு. குலுக்கலில் சேரக் கட்டணம் இல்லை. தேர்வானால் 2,530 பவுண்டு இருப்பு காட்ட வேண்டும், மருத்துவக் கட்டணமும் கட்ட வேண்டும். பத்து வாரத்துக்காக மட்டும் இதை எடுப்பது அதிகச் செலவு. படிப்பு முடிந்தபின் யோசிக்கலாம்.

இந்த வாரமே அந்த நிறுவனத்துக்கு மின்னஞ்சல் அனுப்பி, சேரிட்டி ஒர்க்கர் லைசென்ஸ் இருக்கிறதா, எந்தத் தேதிக்குள் ஸ்பான்சர்ஷிப் எண் தருவார்கள், வேலை விவரத்தில் என்ன எழுதப்போகிறார்கள் என்று கேளுங்கள். “விசிட்டர் விசாவிலேயே வந்துவிடு” என்று மறுபடியும் பதில் வந்தால் விமான டிக்கெட் போடாதீர்கள்.