ஜெர்மனியில் ப்ரோபேட்சைட்: நல்ல பெயர் எதில் கிடைக்கும்?

தம்பி, அடுத்த மாதம் வேலையில் சேரப்போகிறீர்கள், ஒப்பந்தத்தில் 6 மாத ப்ரோபேட்சைட், அதாவது தகுதிகாண் காலம், போட்டிருக்கிறது, ராத்திரி வரை இருந்து வேலை பார்த்தால் நல்ல பெயர் கிடைக்குமா என்று கேட்டிருந்தீர்கள். கிடைக்காது. மேலாளருக்குத் தலைவலிதான் மிஞ்சும். இங்கே ஒரு நாளில் 10 மணி நேரத்துக்கு மேல் வேலை வாங்கக் கூடாது, வேலை முடிந்து மறுநாள் தொடங்குவதற்குள் 11 மணி நேர ஓய்வு வேண்டும் என்பது பொதுச் சட்டம். மீறினால் பதில் சொல்ல வேண்டியது நிறுவனம். அதோடு, தினமும் கடைசி ஆளாகக் கிளம்புபவரைப் பார்த்து ‘வேலை இன்னும் பிடிபடவில்லை போல’ என்றுதான் நினைப்பார்கள்.

‘இவர் சொன்ன தேதியை நம்பித் திட்டம் போடலாமா’ என்பதைத்தான் மேலாளர்கள் உண்மையில் பார்க்கிறார்கள். நம்மவர்கள் சறுக்குவதும் இங்கேதான். புரியாததற்கும் ‘சரி’, முடியாததற்கும் ‘சரி’. நாம் மரியாதைக்காகச் சொல்வதை அவர்கள் வாக்குறுதியாக எடுத்துக்கொள்வார்கள். அதனால் ஒரு வேலையைத் தந்தவுடன் என்ன, எந்த வடிவில், எப்போது என்று உங்கள் வாயாலேயே ஒருமுறை திருப்பிச் சொல்லிவிடுங்கள். தள்ளிப்போகும் என்று தெரிந்தால் கடைசி நாள் வரை காத்திருக்க வேண்டாம். வியாழக்கிழமை தர வேண்டியதா? செவ்வாய் மதியமே எழுதுங்கள்: “முதல் இரண்டு பகுதி முடிந்தது. மூன்றாவதற்கு வர வேண்டிய தரவு இன்னும் வரவில்லை. வெள்ளி மதியம் ஆகும். முடிந்ததை நாளைக்கே அனுப்பட்டுமா?” இந்த நாலு வரி, நாலு நாள் ராத்திரி விழிப்பதை விட மேல்.

கேள்வி கேட்கத் தயங்காதீர்கள். முதல் இரண்டு மாதம் எதைக் கேட்டாலும் யாரும் தவறாக நினைக்க மாட்டார்கள். ஆனால் பதிலைக் குறித்துவைத்துக்கொள்ளுங்கள். ஒரே கேள்வி மூன்றாம் முறை வரும்போதுதான் முகம் மாறும்.

முதல் மாத முடிவில் மேலாளரிடம் அரை மணி நேரம் கேட்டு வாங்குங்கள், மூன்றாம் மாதம் இன்னொரு முறை. ‘எப்படிச் செய்கிறேன்?’ என்று பொதுவாகக் கேட்டால் ‘நன்றாக’ என்று முடித்துவிடுவார்கள். ‘எதை மாற்றிக்கொள்ள வேண்டும்?’ என்று கேளுங்கள். பதில் நேரடியாக, கொஞ்சம் கடுமையாகக்கூட வரும். அது கோபம் இல்லை. இந்தப் பேச்சை ஆறாம் மாதம் வரை தள்ளிப்போடவும் கூடாது. பெட்ரீப்ஸ்ராட் எனப்படும் ஊழியர் மன்றம் உள்ள நிறுவனத்தில், ஆளை வேலையை விட்டு அனுப்புவதற்கு முன் மன்றத்தின் கருத்தைக் கேட்டு ஒரு வாரம் அவகாசம் தர வேண்டும். ஆகவே முடிவு பெரும்பாலும் ஐந்தாம் மாதத்திலேயே உருவாகிவிடும். 6 மாதம் தாண்டிவிட்டால், 10 பேருக்கு மேல் வேலை செய்யும் இடத்தில் தகுந்த காரணம் இல்லாமல் அனுப்ப முடியாது. அவர்கள் அதற்குள் தீர்மானிக்கப் பார்ப்பது அதனால்தான்.

உடம்பு சரியில்லையா, வேலை தொடங்கும் முன்பே தெரிவித்துவிடுங்கள். காய்ச்சலோடு வந்து உட்கார்ந்தால் யாரும் மெச்ச மாட்டார்கள். 3 நாளுக்கு மேல் போனால் மருத்துவச் சான்று கட்டாயம், சில ஒப்பந்தங்களில் முதல் நாளே கேட்பார்கள். சேர்ந்த முதல் 4 வாரத்தில் நோய்வாய்ப்பட்டால் சம்பளத்தை நிறுவனம் தராது. சட்டப்படியான மருத்துவக் காப்பீட்டில் இருந்தால் க்ராங்கன்காஸே எனப்படும் காப்பீட்டு நிறுவனம் ஒரு தொகை தரும்.

முழு ஆண்டு விடுப்பு உரிமை 6 மாதம் முடிந்த பிறகே. அதுவரை மாதத்துக்குப் பன்னிரண்டில் ஒரு பங்கு என்பதுதான் கணக்கு. 30 நாள் ஒப்பந்தம் என்றால் மாதம் இரண்டரை நாள். ஊருக்குப் போக வேண்டியிருந்தால் டிக்கெட் எடுக்கும் முன் கேளுங்கள்.

ஒருவேளை அனுப்பிவிட்டால், 2 வார முன்னறிவிப்பு உண்டு. அது கையெழுத்திட்ட காகிதமாக வர வேண்டும், மின்னஞ்சல் செல்லாது. ‘பேசி முடித்துக்கொள்ளலாம்’ என்று வேறு ஒப்பந்தத்தை நீட்டினால் அங்கேயே கையெழுத்துப் போடாதீர்கள், வேலையில்லாதவர்களுக்கான உதவித்தொகை தடைபடலாம். 3 நாளுக்குள் வேலைவாய்ப்பு அலுவலகத்தில் பதியுங்கள். விசா வேலையோடு கட்டப்பட்டிருந்தால் வெளிநாட்டவர் அலுவலகத்துக்கு 2 வாரத்துக்குள் எழுதிவிடுங்கள்.