பேத்தியின் முகாம் பாரத்தில் பாட்டி கையெழுத்திடலாமா?

கேள்வி: மலேசியாவின் நெகிரி செம்பிலானில், பகாவ் பட்டணத்துக்கு அருகில் ஒரு தோட்டத்தில் வசிக்கிறேன். மகனும் மருமகளும் ஜொகூர் பாருவில் வேலை செய்கிறார்கள். 13 வயதுப் பேத்தியும் 9 வயதுப் பேரனும் என்னிடம் வளர்கிறார்கள். பள்ளி விடுமுறையில் எங்கள் கோயில் மண்டபத்தில் பேரனுக்குப் பகல் முகாம் இருக்கிறது. பேத்திக்கு உலு பெண்டுலில் மூன்று நாள் தன்முனைப்பு முகாம் என்று ஒருவர் வீடு வீடாக வந்து 180 வெள்ளி (ரிங்கிட்) கேட்கிறார். "என்ன நடந்தாலும் ஏற்பாட்டாளர் பொறுப்பல்ல" என்று எழுதியுள்ள பாரத்தில் கையெழுத்தும் அடையாள கார்டு நகலும் வேண்டும் என்கிறார். கையெழுத்துப் போட்டுவிட்டால் பிறகு எதையும் கேட்க முடியாதா?

பதில்: அம்மா, அந்த ஒரு வரியைக் கண்டு நீங்கள் அஞ்ச வேண்டியதில்லை. 18 வயது நிறையாத பிள்ளைக்குரிய உரிமையை வேறு ஒருவர் எழுதிக்கொடுத்துவிட முடியாது. நீதிமன்றத்துக்குப் போகும் வழியை அடியோடு அடைக்கும் ஒப்பந்த வரி செல்லாது என்று 1950ஆம் ஆண்டு ஒப்பந்தச் சட்டத்தின் 29ஆம் பிரிவும் கூறுகிறது. ஏற்பாட்டாளரின் கவனக்குறைவால் பிள்ளைக்குத் தீங்கு நேர்ந்தால், நீங்கள் கையெழுத்திட்ட தாள் அவரைக் காப்பாற்றாது. அந்த வரியைப் பொறுத்தவரை இதற்கு மேல் நீங்கள் அறிய வேண்டியது எதுவும் இல்லை.

ஆனால் நீங்கள் கேட்காத ஒரு சிக்கல் உங்கள் கேள்விக்குள்ளேயே இருக்கிறது. அந்தப் பாரத்தில் உங்கள் கையெழுத்து மட்டும் போதாது. பிள்ளையைப் பிறந்த நாள் முதல் நீங்களே வளர்த்திருந்தாலும், பெற்றோர் உயிரோடு இருக்கும்வரை பாட்டி தானாகவே சட்டப்படியான காப்பாளர் ஆகிவிடுவதில்லை. நம் தோட்டங்களில் பல வீடுகளில் பெற்றோர் ஜொகூரிலோ சிங்கப்பூரிலோ வேலையாக இருக்க, தாத்தா பாட்டிதான் பள்ளிப் பாரம் முதல் தடுப்பூசி அட்டை வரை எல்லாவற்றிலும் கையெழுத்திடுகிறார்கள். எவரும் கேள்வி கேட்பதில்லை என்பதால் அது சரி என்றே எண்ணிவிடுகிறோம். மருத்துவமனையில் அறுவைச் சிகிச்சைக்கு ஒப்புதல் கேட்கும்போதுதான் அது போதாது என்று தெரியவருகிறது. ஆகவே உங்கள் மகனோ மருமகளோ ஒரு கடிதம் எழுதட்டும். தந்தை வந்துதான் கையெழுத்திட வேண்டும் என்று சிலர் இன்றும் சொல்கிறார்கள். 1961ஆம் ஆண்டு காப்பாளர் சட்டம் 1999இல் திருத்தப்பட்ட பின், முஸ்லிம் அல்லாதார் குடும்பங்களில் தாய்க்கும் தந்தைக்கும் சம உரிமை உண்டு என்பதால், தாய் ஒருவரின் கையெழுத்தே போதும். முகாமின் பெயர், இடம், தேதி, முகாம் நாட்களில் இரவு பகல் எந்நேரமும் எடுக்கப்படும் கைப்பேசி எண், தாம் வந்து சேரும்வரை பாட்டி முடிவெடுக்கலாம் என்ற ஒரு வாக்கியம் ஆகியவை அக்கடிதத்தில் இருக்க வேண்டும். கடிதத்தின் படத்தை வாட்ஸ்அப்பில் அனுப்பினால் போதும் என்று விட்டுவிடாதீர்கள். கையெழுத்திட்ட மூலத் தாள் ஒன்று முகாமிலும் நகல் ஒன்று உங்களிடமும் இருக்கட்டும்.

அதற்காகப் பாரமே வேண்டாம் என்று முழுவதையும் கிழித்துப்போடவும் வேண்டாம்; அப்படிச் செய்யும் பெற்றோரையும் நான் பார்த்திருக்கிறேன். பொறுப்பில்லை என்று சொல்லும் பகுதி வேறு, மருத்துவ ஒப்புதல் பகுதி வேறு. முன்னதை அடித்துவிட்டு அருகில் சுருக்கொப்பமிடுங்கள்; பின்னதை முழுமையாக நிரப்புங்கள். பேத்திக்கு ஆஸ்துமா உண்டா, எந்த உணவு ஒத்துக்கொள்ளாது, எந்த மருந்து எத்தனை மணிக்கு, மாதவிலக்கு தொடங்கிவிட்டதா என்பவற்றைக் கூச்சமின்றி எழுதுங்கள். இரவு இரண்டு மணிக்கு அவளுக்கு மூச்சு வாங்கினால் அருகில் இருப்பவருக்கு உதவுவது அந்த நான்கு வரிகள்தான்.

இப்போது வீடு வீடாக வரும் அந்த மனிதரைப் பற்றி. இப்படி வருபவர் பெரும்பாலும் முகாமை நடத்துபவர் அல்லர். தலைக்கு இவ்வளவு என்று தரகுப் பணம் பெற்றுக்கொண்டு பிள்ளைகளைச் சேர்த்துக்கொடுப்பவர். முகாம் நடக்கும் நாளில் அவர் அந்தப் பக்கம் இருக்கவே மாட்டார். இத்தகைய இடைத்தரகர்கள் தலைமையாசிரியரின் பெயரையும் கோயில் தலைவரின் பெயரையும் தாராளமாகப் பயன்படுத்துவார்கள். பள்ளி மண்டபத்தில் ஒரு விளக்கக் கூட்டம் நடத்திவிட்டால் அது பள்ளியின் முகாம் என்று பெற்றோர் நம்பிவிடுகிறார்கள். பள்ளி ஏற்பாடு செய்யும் வெளி நடவடிக்கைக்குப் பள்ளியின் முத்திரையிட்ட கடிதம் வரும், பொறுப்பாசிரியரின் பெயர் இருக்கும். அவை இல்லையென்றால் அது பள்ளியின் முகாம் அன்று.

அடையாள கார்டு நகல் கேட்பதில் இன்னும் எச்சரிக்கை வேண்டும். இலவச முகாம் என்றோ அரசாங்க மானியம் பெற்ற முகாம் என்றோ சொல்லி, பெயர் எழுதாத வருகைப் பட்டியலில் முன்கூட்டியே கையெழுத்து வாங்கி, நகல்களைச் சேர்த்துக்கொண்டு போய், நடக்காத முகாமுக்கும் வராத பிள்ளைகளுக்கும் கணக்குக் காட்டுவதற்கு நம் ஏழை மக்களின் கையெழுத்தே கருவியாகிறது. மானியம் இருக்கிறது என்று அவர் சொன்னால், பின் 180 வெள்ளி எதற்கு என்று கேளுங்கள். மானியம் இல்லை என்றால் உங்கள் நகல் எதற்கு என்று கேளுங்கள். கொடுத்தே ஆக வேண்டுமென்றால் நகலின் குறுக்கே இந்த முகாமுக்கு மட்டும் என்று எழுதித் தேதியிட்டுக் கொடுங்கள். வெற்றுத் தாளில், வெற்றுக் கட்டத்தில், எவர் கேட்டாலும் கையெழுத்திடாதீர்கள். பணத்தை அவர் கையிலோ அவருடைய சொந்தக் கணக்கிலோ போடாமல், சங்கத்தின் பெயரில் உள்ள வங்கிக் கணக்கில் போட்டு ரசீது வாங்குங்கள். சங்கப் பதிவு எண்ணையும் கேளுங்கள். உண்மையாகப் பதிவு பெற்ற சங்கம் அதைச் சொல்லத் தயங்காது.

பாரத்தைவிடப் பெரிய கேள்வி, இரவில் பெண்பிள்ளைகளோடு யார் இருப்பார்கள் என்பதுதான். பெண் பொறுப்பாளர்களின் பெயர்களைக் கேட்டு எழுதிக்கொள்ளுங்கள். ஆண்களும் பெண்களும் தனித்தனி இடத்தில் தூங்குகிறார்களா, இரவில் கழிவறைக்குப் போக நேர்ந்தால் துணைக்கு யார், பிள்ளையின் கைப்பேசியை வாங்கி வைத்துக்கொண்டால் தினமும் ஒரு முறையாவது வீட்டுக்குப் பேச விடுவார்களா என்று கேளுங்கள். சிறார்மீது பாலியல் குற்றம் புரிந்து தண்டிக்கப்பட்டோரின் பதிவேடு ஒன்று இருக்கிறது. பிள்ளைகளோடு வேலை செய்ய ஆள் சேர்ப்பவர்கள் 2019 முதல் சமூக நல இலாகாவின் வழியாக அதைச் சோதித்துக்கொள்ளலாம். உங்கள் பொறுப்பாளர்களைச் சோதித்தீர்களா என்ற ஒரே கேள்வியைக் கேட்டுப் பாருங்கள். கோபப்படுகிறவரிடம் பிள்ளையை விடாதீர்கள். 2017ஆம் ஆண்டு சிறார் பாலியல் குற்றச் சட்டப்படி, பிள்ளையின் பொறுப்பில் இருப்பவரே குற்றம் செய்தால் கூடுதலாக ஐந்து ஆண்டுகள் வரை சிறையும் குறைந்தது இரண்டு பிரம்படியும் உண்டு. தெரிந்தும் சொல்லாமல் மறைப்பவருக்கு 5,000 வெள்ளி வரை அபராதம் உண்டு. கோயில் பெயர் கெட்டுவிடும், பிள்ளைக்கு வரன் அமையாது என்று மூடி மறைக்கச் சொல்பவர் எவ்வளவு மதிப்புள்ள மனிதராக இருந்தாலும், அவர் உங்களைக் குற்றம் செய்யத்தான் தூண்டுகிறார். பேத்தி ஏதேனும் சொன்னால் 15999 என்ற தாலியான் காசே உதவித் தொலைபேசி எண்ணுக்கோ போலீசுக்கோ உடனே சொல்லுங்கள்.

இடத்தைப் பற்றியும் கேட்க வேண்டும். உலு பெண்டுல் அங்சி மலையடிவாரத்து ஆற்றங்கரை. இங்கே வெயில் அடிக்கும்போதே மேலே மலையில் பெய்யும் மழை திடீர் வெள்ளமாக இறங்கும்; நம்மவர்கள் கெப்பாலா ஆயர் என்று சொல்லும் அது வந்தால் கரையேற நேரம் கிடைக்காது. பிற்பகலில் பிள்ளைகளை ஆற்றில் இறக்குவார்களா, கூடாரம் கரையிலிருந்து எவ்வளவு தூரம், மழை பெய்தால் போக உறுதியான கட்டடம் உண்டா என்று கேளுங்கள். 2022 டிசம்பர் 16ஆம் தேதி அதிகாலை சிலாங்கூரின் பத்தாங் காலியில் முகாமிட்டிருந்தவர்கள்மேல் மலைச்சரிவு இறங்கி 31 பேர் இறந்தார்கள். அந்த முகாம்தளத்துக்கு உரிமம் இல்லை என்பது அவர்கள் இறந்த பிறகுதான் வெளியே பேசப்பட்டது. நான்கு வயதுக்குட்பட்ட குழந்தைகளைப் பார்த்துக்கொள்ளும் நிலையத்துக்கு 1984 முதல் தனிச் சட்டம் இருக்கிறது. பிள்ளைகளைக் காட்டில் தங்கவைப்பவரைச் சோதிக்கும் பொறுப்போ நகராண்மைக் கழகம், வன இலாகா, கல்வி இலாகா என்று சிதறிக் கிடக்கிறது. ஒரு வாசலில் கேட்டால் அடுத்த வாசலைக் காட்டுகிறார்கள். தோட்டத்தில் வாழும் ஒரு பாட்டி மூன்று அலுவலகம் ஏறி இறங்கித்தான் பேத்தியின் பாதுகாப்பை உறுதி செய்துகொள்ள வேண்டும் என்ற நிலை எந்த வகையிலும் நியாயமன்று.

பேரனின் பகல் முகாமுக்கு இவ்வளவு விசாரணை தேவையில்லை. தெரிந்த மண்டபம், தெரிந்த மக்கள். மாலையில் யாரிடம் பிள்ளையை ஒப்படைக்கலாம் என்று பெயர் கொடுத்துவிடுங்கள். தெரிந்த பையன்தானே என்று யாருடைய மோட்டார் சைக்கிளிலும் ஏற்றி அனுப்ப வேண்டாம் என்று சொல்லிவையுங்கள்.

பேத்தியைப் பொறுத்தவரை, அந்தத் தரகரிடம் முகாம் பொறுப்பாளரின் பெயரும் எண்ணும் கேளுங்கள்; பொறுப்பாளர் உங்கள் மருமகளோடு நேரடியாகப் பேசி மேற்சொன்னவற்றுக்குப் பதில் சொல்லும்வரை ஒரு வெள்ளியும் கொடுக்காதீர்கள். இடம் முடிந்துவிடும், நாளைக்குள் கட்டுங்கள் என்று அவசரப்படுத்தினால் விட்டுவிடுங்கள். அடுத்த விடுமுறையிலும் முகாம் வரும். ஏற்கெனவே பணம் கட்டி, முகாம் நடக்காமல் போய், திருப்பித் தரவும் மறுத்தால், பயனீட்டாளர் கோரிக்கை நடுவர் மன்றத்தில் 5 வெள்ளி கட்டணத்தில் வழக்கறிஞர் இல்லாமலேயே புகார் கொடுக்கலாம். ரசீது கையில் இருந்தால் வேலை சுலபம்.